காட்டில் திறக்கும் வழி

வழி என்பது நல்ல பொருள் தரும் சொல். பிழைக்க வழியுண்டா என்று கேட்கிறோம். பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுங்கள் என்கிறோம். வழியற்றவன் என்று ஒருவனைச் சொன்னால், அவனினும் இரங்கத்தக்கவன் வேறொருவன் இல்லை என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. ஆதலால், "காட்டினுள்ளே இன்னுஞ் சில வழிகளைத் திறந்துவிடுங்கள்" என்று ஒரு சாரார் கேட்கும்போது, அதனை மறுத்துப் பேச எழுந்து நிற்பவன் பாடு சங்கடமானதே. முன்னேற்றத்தின் பகைவன் என்றும், பிறர் மகிழக் காணப் பொறாதவன் என்றும் அவன் எளிதில் பெயர் வாங்கிவிடுவான். அப்பெயர் எனக்கு வந்தாலும் வரட்டும். ஒரு வழியைத் திறக்குமுன், அதில் முதலில் யார் போவார், அவர் பின்னே யார் யார் வருவார், வேண்டாம் என்று தோன்றும் நாளில் அதனை மீண்டும் அடைக்க முடியுமா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டே தீரவேண்டும் என்பது என் கருத்து. முதற் கேள்வியை எல்லோரும் கேட்கின்றனர். மற்ற இரண்டும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

விஷயத்தை முதலில் விளங்கச் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கும் ஜீப்பு வண்டிகளை நாம் யாவரும் பார்த்திருக்கிறோம். தோட்டத்துத் துரைமார் லேண்ட் ரோவர் வண்டியில் மேட்டு நிரைகளைச் சுற்றிவந்த காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று வேலைக்கென்று வந்த வண்டி இன்று விளையாட்டுக்கும் உரியதாயிற்று. 1993ஆம் ஆண்டில் கேமல் டிரோபி என்னும் பன்னாட்டு வண்டிப் பயணம் சபா மாநிலத்தில் நடந்தது. 1997ஆம் ஆண்டில் தொடங்கிய ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச் என்னும் போட்டி, ஆண்டிறுதி மழைக்காலத்தையே தனக்கேற்ற காலமாகத் தேர்ந்துகொண்டது. இவற்றின் புகழால் ஊர்தோறும் ஜீப்புக் கழகங்கள் தோன்றின. சனி ஞாயிறுகளில் ஜீப்புகளும், ஸ்கிராம்ப்ளர் என்னும் காட்டு மோட்டார் சைக்கிள்களும் மலையடிவாரங்களில் அணிவகுத்து நிற்பதை இன்று சாதாரணமாகக் காணலாம்.

இவ்வண்டிகள் ஓடும் தடங்களுள் மிகப் பல, முன்னாளில் மரம் வெட்டியோர் லோரிகளுக்காகவும் டிராக்டர்களுக்காகவும் வெட்டிய தடங்களே. அவை ஓடும் நிலமோ தனியார் சொத்தன்று. தீபகற்பத்தில் 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்கீழ் நிரந்தர ஒதுக்கு வனங்களை அந்தந்த மாநில அரசாங்கமே காத்துவருகிறது. மூடிய வனமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் அனுமதிச் சீட்டின்றி நுழைவது குற்றம். ஆகவே காட்டில் ஒரு வழி திறப்பதா இல்லையா என்பது ஜீப்புக்காரருக்கும் வன அதிகாரிக்கும் மட்டும் உரிய பேச்சன்று. பொதுச் சொத்தில் கை வைக்கும் எந்தப் பேச்சும் உமக்கும் எனக்கும் உரிய பேச்சே.

இதனைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீராயின், ஒன்றே ஒன்று உண்டு. ஹூலு சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 24 ஆண்டுகள் பம்புக்காரனாக வேலை பார்த்தவன் நான். எங்கள் தோட்டத்தின் குடிதண்ணீர் ஒதுக்குக் காட்டிலிருந்து இறங்கிவரும் ஓர் ஓடையிலிருந்து வந்தது. அடிவாரத்தில் அதனை மறித்துச் சிறு அணை கட்டி, இரும்புக் குழாய் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுவந்து, படிகாரங் கலந்து தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, பிறகு லயங்களுக்குத் திறந்துவிடுவேன். பெரட்டு மணி அடிக்குமுன் நான் அணைக்கட்டில் நின்றாகவேண்டும். ஏட்டில் கணக்கெழுதும் வேலை எனக்கில்லை. தண்ணீரின் நிறமே எனக்கு ஏடு. மேலே காட்டில் என்ன நடக்கிறது என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும்.

நான் வேலையில் சேர்ந்த தொடக்கத்தில், எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் ஓடை ஒன்றிரண்டு மணி நேரமே கலங்கும். பிறகு கல் தெரியத் தெளிந்துவிடும். ஒரு மூட்டைப் படிகாரம் இரண்டு மாதம் வரும். சில ஆண்டுகள் சென்றபின் மேற்காட்டில் மரம் வெட்ட உத்தரவாயிற்று. டிராக்டர் வந்தது, செம்மண் தெரியும்படி ஒரு தடம் வெட்டப்பட்டது. அடுத்த பெருமழைக்கு ஓடை மூன்று நாள் தெளியவில்லை. படிகார மூட்டை இரண்டு வாரத்தில் காலியாயிற்று. வாரமொரு முறை கழுவிய மணலை நாள்தோறும் கழுவினேன். "என்ன பம்புக்காரரே, எங்களுக்குப் பால் தேத்தண்ணியா அனுப்பியிருக்கிறீர்?" என்று குழாயடியில் பெண்கள் கேட்ட கேள்விக்கு நான் சிரித்து வைத்தேனேயன்றி விடை சொல்லவில்லை. பிள்ளைகள் பலருக்கு வயிற்றோட்டம் கண்டபோது டிரசரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

நான்காண்டில் மரக்காரர் போய்விட்டனர். அதற்குப் பின் நான் கண்டது மரங்களைப் பற்றி எனக்கிருந்த எண்ணத்தையே மாற்றியது. வெட்டுண்ட தடத்தின் இரு கரையிலும் முதலில் லாலான் புல்லும் பன்னமும் வந்தன. பிறகு செண்டுடோக் செடிகள். பிறகு அகன்ற இலையுடைய மஹாங்குக் கன்றுகள். இலை உதிர்ந்து மண்ணை மூடிற்று. மூன்றாம் ஆண்டில் தடத்தின் நடுவிலும் பசுமை பிடித்தது. தண்ணீரும் மெல்ல மெல்லத் தெளிந்தது. பழைய காடு திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன்; அதற்குப் பல தலைமுறை வேண்டும். ஆனால் புண் ஆறத் தொடங்கி, மேலே பொருக்கும் கட்டியிருந்தது.

அந்தப் பொருக்கைப் பெயர்த்தவை ஸ்கிராம்ப்ளர் வண்டிகள். அவற்றின் பின்னே ஜீப்புகள். மரக்காரரின் டிராக்டரோடு ஒப்பிட்டால் இவை சிறு வண்டிகள். ஒரு மரத்தையும் இவர்கள் வெட்டிக் கொண்டு போகவில்லை. எனினும் ஓடை மறுபடியும் கலங்கிற்று. இம்முறை தெளியவே இல்லை. டிராக்டர் தன் வேலை முடிந்ததும் போய்விட்டது. விளையாட்டுக்கு முடிவேது? சனிக்கிழமைதோறும் அது வந்தது. வாரந்தோறும் கீறப்படும் புண் எப்படி ஆறும்? இவ்வழக்கில் நான் சொல்ல வேண்டிய முதற் செய்தி இதுவே. தடம் எவ்வளவு அகலம் என்பது சிறு கேள்வி. அதற்கு ஓய்வு உண்டா என்பதே பெருங் கேள்வி.

இரண்டாண்டுகளுக்கு முன், பக்கத்துப் பட்டணமொன்றில் புதிய தடங்களைத் திறப்பது குறித்து அபிப்பிராயம் கேட்கும் கூட்டமொன்று நடந்தது. நானும் போயிருந்தேன். என்னை அழைத்துச் சென்றவன் என் தமக்கையின் மகன். வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். தானே பூட்டிச் சீர்செய்த ஹைலக்ஸ் வண்டியொன்றை உயிர்போல் காப்பவன். வழிநெடுக அவன் என்னோடு வாதிட்டுக்கொண்டே வந்தான்.

"மாமா, பணக்காரன் கோல்ப் ஆட எத்தனை ஏக்கர் நிலம் வேண்டியிருக்கிறது! அதை யாரும் கேட்பதில்லை. ஆறு நாள் எண்ணெயிலும் கரியிலும் கிடப்பவன் ஏழாம் நாள் காட்டுக்காற்று வாங்கினால் மட்டும் குற்றமா? 2014இல் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோது துண்டிக்கப்பட்ட கம்பங்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோனவர்களில் எங்கள் ஜீப்புக்காரர்கள் எத்தனை பேர்! 2021இல் சிலாங்கூரில் வெள்ளம் வந்தபோதும் நாங்கள்தான் இறங்கினோம். சேற்றில் ஓட்டிப் பழகாதவன் வெள்ளத்தில் ஓட்டுவானா?"

இவ்வாதத்தை நான் எளிதாக எண்ணவில்லை. நேயர்களும் எளிதாக எண்ணலாகாது. அவன் சொன்ன வெள்ள உதவி உண்மை. பட்டணத்து அடுக்கு வீட்டில் அடைபட்டிருக்கும் இளைஞனுக்குக் காட்டோடு ஓர் உறவு வேண்டும் என்பதும் உண்மை. காட்டை ஒருநாளும் பாராதவன் அதனைக் காக்க ஏன் வரப்போகிறான்? ஆதலால் "வண்டியே கூடாது" என்று கதவடைப்பவர் பக்கம் நான் இல்லை. நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, உன் வண்டி காட்டில் ஓடிய பின் அந்தத் தடத்தில் அடுத்து ஓடுவது எது தெரியுமா?" அவன் யோசித்துவிட்டு, "அடுத்த கழகத்தாரின் வண்டி" என்றான். "இல்லை, தண்ணீர்" என்றேன்.

இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. இத்தனை மழையும் மலைச்சரிவில் நேரே விழுந்தால் ஒரு மலையும் மிஞ்சாது. மரத்தலைகள் முதலில் தாங்குகின்றன. கீழே இலைச்சருகு மெத்தை போல் ஏந்துகிறது. அதனடியில் மெல்லிய வேர்களும் மண்புழுவும் துளைத்து வைத்த இளமண் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. இந்த மேல்மண் வெகு மெல்லிய படலம். இரண்டு டன் நிறையுள்ள வண்டி அதன்மேல் சில முறை ஏறி இறங்கினால் துளைகள் நசுங்கி மண் இறுகிவிடுகிறது. இறுகிய மண் தண்ணீரைக் குடிப்பதில்லை. சக்கரம் பதித்த இரு பள்ளங்களும் இரு வாய்க்கால்களாகின்றன. மழை அவற்றில் ஓடி ஆழமாக்குகிறது. ஆழமான பள்ளத்தில் வண்டியின் வயிறு தட்டுமாதலால், அடுத்து வருபவர் பக்கத்தில் விலகிப் புதுத்தடம் போடுகிறார். அதுவும் ஆழமானபின் இன்னொன்று. பத்தடித் தடம் இவ்வாறே முப்பதடி ஆகிறது. ஓடையைக் கடக்கும் இடங்களில் கரை இடிந்து மண் நேரே நீரில் விழுகிறது. சிக்கிய வண்டியை இழுக்க எஃகுக் கயிற்றை வெறும் மரத்தில் சுற்றினால் பட்டை உரிகிறது. சுற்றிலும் பட்டை உரிந்த மரம் நின்றபடியே சாகிறது. இவற்றுள் எதுவும் ஓட்டுபவரின் கெட்ட எண்ணத்தால் நிகழ்வதன்று. நல்லவர் நூறு பேர் நல்லெண்ணத்தோடு ஓட்டினாலும் மண் இறுகத்தான் செய்யும்.

இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. மற்ற விளையாட்டுகள் மழை வந்தால் நின்றுவிடும். இவ்விளையாட்டோ மழை வந்தால்தான் களைகட்டும். சேறே இதன் சுவை. மண் மிக நொந்து நிற்கும் காலம் எதுவோ, அதுவே இவர்களுக்குத் திருவிழாக் காலம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங்காலியில் மண்சரிவு ஏற்பட்டு, கூடாரமடித்து உறங்கிய 31 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அது ஜீப்புகளால் வந்த கேடன்று. அவ்வாறு நான் சொல்லவும் இல்லை. ஆண்டிறுதியில் நம் மலைச்சரிவுகள் எவ்வளவு நம்பத்தகாதவை என்பதற்கு மட்டுமே அதனைச் சுட்டுகிறேன்.

மேட்டில் அவிழ்த்துவிட்ட மண் பள்ளத்தில்தான் குடியேறும். இதற்கு வேற்று நாட்டு உதாரணம் தேடிப் போகவேண்டியதில்லை; எங்கள் வட்டாரமே சாட்சி. கோல குபு பாரு என்று ஓர் ஊர் இருக்கிறது. பாரு என்றால் புதியது. பழையது எங்கே என்று கேட்டவர் சிலரே. 1883ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய கோல குபுவின் மேலிருந்த அணை உடைந்து, வெள்ளம் ஊரை அழித்தது. அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி சிசில் ராங்கிங் என்பவரும் அதில் மாண்டார். ஊரார் அஞ்சாமல் மறுபடியும் கட்டினர். ஆனால் அணை உடைந்தது போல் ஒரே இரவில் வராத மற்றோர் ஆபத்து மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஈய லம்பங்களில் கழுவிவிட்ட மண் சிலாங்கூர் ஆற்றின் படுகையைச் சிறிது சிறிதாக உயர்த்திற்று. ஆறு உயர ஊர் தாழ்ந்தது. வெள்ளம் அடிக்கடி புகுந்தது. மண் வீதிகளில் படிந்தது. முடிவில் ஊரையே மேட்டுக்கு மாற்ற அரசாங்கம் தீர்மானித்து, 1930ஆம் ஆண்டையொட்டிப் புதிய ஊர் எழுந்தது. அணை உடைந்தும் அழியாத ஊரைச் சேறு வென்றுவிட்டது! லம்பத்தில் மண்ணைக் கழுவியவர்களுள் எவனும், "நான் ஓர் ஊரைப் புதைக்கிறேன்" என்று எண்ணியிருக்கமாட்டான். ஒவ்வொருவனும் தன் கூடை மண்ணை மட்டுமே கண்டான்.

இன்று அதே ஆற்றின் மேற்பகுதியில், கோல குபு பாருவுக்கு அருகே, பெரிய அணை நிற்கிறது. கோலாலம்பூரும் சிலாங்கூரும் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இவ்வாற்றிலிருந்தே வருகிறது. கலங்கல் மிகுந்தால் சுத்திகரிப்பு நிலையங்கள் திணறும், குழாய் வறளும். மேட்டுத் தடத்தில் ஜீப்பு ஓட்டுபவரும், கீழே அடுக்கு வீட்டின் பதினைந்தாம் மாடியில் காலி வாளியோடு நிற்கும் தாயும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இருவரையும் அந்த ஆறு பிணைத்து வைத்திருக்கிறது.

தண்ணீருக்குப் பின் அந்த வழியில் வருபவன் யார்? சுருக்குக் கம்பி வைப்பவன். எங்கள் அணைக்கட்டின் மேலே ஆள் நடமாட்டமற்ற சரிவில், தடம் திறந்த இரண்டாம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள் கேபிள் கம்பியால் கட்டிய சுருக்குகளைக் கண்டேன். முன்பு ஒரு பகல் முழுதும் நடந்து போகவேண்டிய இடத்துக்கு இப்போது அரைமணியில் போய்வரலாமல்லவா? சுருக்குக்குப் பன்றி என்றும் புலி என்றும் வேற்றுமை தெரியாது. 1950களில் இத்தீபகற்பத்தில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடுவர். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி காட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவு. அரசாங்க முத்திரையில் இரு புலிகளை வைத்துக்கொண்டிருக்கும் நாட்டின் ஸ்திதி இது. ஜீப்புக்காரர் எவரும் புலியைக் கொல்லவில்லை. ஆனால் அவர் திறந்த கதவு, அவர் வீடு திரும்பிய பின்னும் திறந்தே கிடக்கிறது. கூடாரத்தில் ஒட்டகம் தலைநீட்டிய கதையை நாம் சிறு வயதில் படித்தோம். இங்கே தலை ஒருவனுடையது, பின்னே வரும் உடல் மற்றொருவனுடையது.

அடுத்து, அக்காட்டையே வீடாகக் கொண்டவர்களை எண்ணவேண்டும். எங்கள் பக்கத்து ஓராங் அஸ்லி மக்கள் தெமுவான் வகுப்பினர். நான் அணைக்கட்டில் வேலை செய்த நாட்களில், ரோத்தானும் பெத்தாயும் சுமந்து இறங்கும் முதியவர் ஒருவர் என்னோடு உட்கார்ந்து புகை பிடித்துப் போவார். மேலே மண் சரிந்திருக்கிறது, நாளை தண்ணீர் கலங்கும் என்று அவர் சொன்னால் அது தவறியதே இல்லை. சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்பட்டபோது கெராச்சி, பெர்த்தாக் கிராமத்துத் தெமுவான் மக்கள் தம் இடம் விட்டுப் பெயரவேண்டியதாயிற்று. நகரத்தாருக்குத் தண்ணீர் தருவதற்காக ஒரு முறை இடம்பெயர்ந்தவர்களின் எஞ்சிய காட்டை, நகரத்தாரின் பொழுதுபோக்குக்காக மறுபடியும் கீறுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பது சட்டமாக இல்லாவிடினும் நியாயமாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம்மைக் கேளாமலே நம் லயங்கள் இடிக்கப்பட்டதை மறவாதவர்க்கு, இவ்வேதனையை விளக்கவும் வேண்டுமோ?

இவ்வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் புதிதாக வந்ததன்று. அமெரிக்க நாட்டின் பொதுக் காடுகளில் இதே சச்சரவு ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. 1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிபர் நிக்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் ஓடும் இடத்தை அதிகாரிகள் குறிக்கவேண்டும். மண்ணுக்கும் நீருக்கும் செடிகளுக்கும் விலங்குகளுக்கும் மற்றப் பொதுஜனங்களுக்கும் நேரும் கேட்டைக் குறைக்கும் வகையில் குறிக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1977இல் அதிபர் கார்ட்டர், கேடு விளைவது கண்ட இடத்தை உடனே மூடும் அதிகாரத்தை அதனோடு சேர்த்தார். 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு வனத்துறை மேலும் ஒரு விதி செய்தது: படத்தில் குறிக்கப்பட்ட வழியில் மட்டுமே வண்டி ஓடலாம். முன்பு பல காடுகளில், தடை என்று பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடம். இவ்விதியின் பின், திறந்தது என்று குறிக்காத இடமெல்லாம் மூடிய இடம். இந்த ஒரு மாற்றத்தைச் செய்ய அத்தனை பெரிய நாட்டுக்கு முப்பது ஆண்டுக்கு மேல் சென்றது. அதற்குள் உண்டான தடங்களை எண்ணிப் படமாக்குவதே பெரும்பாடாயிற்று. திறப்பது ஒரு நாள் வேலை, அடைப்பது ஒரு தலைமுறை வேலை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆகவே என் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, புதிய தடம் வேண்டா. மரக்காரர் விட்டுச்சென்ற பழைய தடங்களுள் சரிவு குறைந்தவற்றை, குடிதண்ணீர் எடுக்கும் ஓடைகளுக்கு மேலே இல்லாதவற்றைத் தேர்ந்து, அவற்றை மட்டும் விளையாட்டுக்கென்று குறிக்கலாம். இரண்டாவது, ஒரு தடத்துக்கு ஒரு நாளில் இத்தனை வண்டி என்று அளவிட்டு, ஆண்டிறுதி மழைக்காலத்திலும் பெருமழை பெய்த மறுநாட்களிலும் முற்றாக மூடவேண்டும். தடங்களை மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்தல் இன்றியமையாதது. பால்மரத்துக்குக்கூட வெட்டும் நாளுக்கு மறுநாள் ஓய்வு கொடுத்தவர்கள் நாம். மூன்றாவது, ஓடை கடக்கும் இடங்களில் மரப்பாலம் போடவேண்டும். எஃகுக் கயிற்றுக்கு அடியில் அகன்ற பட்டை வைத்தே மரத்தில் கட்டவேண்டும். குறியாத கிளைத்தடங்களின் வாயில்களைக் கட்டைகளிட்டு அடைத்துக் கன்று நடவேண்டும். நான்காவது, வண்டிக்கு வசூலிக்கும் பணத்தில் அவ்விடத்து ஓராங் அஸ்லி மக்களையே காவலராகவும் வழிகாட்டிகளாகவும் சம்பளங் கொடுத்து அமர்த்தவேண்டும். சுருக்குக் கம்பியைக் கண்டுபிடிக்க அவர்களினும் கூர்மையான கண் எவருக்குண்டு? பொறுப்புள்ள ஜீப்புக்காரருக்கு இவற்றுள் எதுவும் கசப்பாயிராது. என் மருமகனே நாலில் மூன்றை ஒப்புக்கொண்டான். மழைக்காலத்தில் மூடுவது பற்றி மட்டும் இன்றளவும் எங்களுக்குள் சமாதானம் ஏற்படவில்லை.

இனி, அந்தக் கூட்டத்தில் நான் கண்டதைச் சொல்லவேண்டும். மண்டபத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். ஜீப்புக் கழகத்தார் நாற்பது பேர், ஒரே நிறச் சட்டை அணிந்து முன்வரிசைகளில் அமர்ந்திருந்தனர். உல்லாசப் பயண வியாபாரிகள் சிலர். இயற்கை ஆர்வலர்கள் சிலர். ஓராங் அஸ்லி ஒருவரும் இல்லை. ஆற்றின் கீழ்க்கரையில் குடியிருப்போர் என்று சொல்லத்தக்கவர் இருவர். அவருள் ஒருவன் நான். எங்கள் தாமானில் மட்டும் நம் மக்கள் முந்நூறு குடும்பத்துக்குக் குறையாமல் இருக்கின்றனர். முந்திய வாரம் இக்கூட்டத்தைப் பற்றி வீடு வீடாகச் சொல்லி வந்தேன். "காட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்பதே பெரும்பாலோர் விடை. மேடையிலிருந்தவர், "பொதுமக்களின் ஆதரவு இத்திட்டத்துக்குப் பெருவாரியாக உள்ளது" என்று அறிவித்தபோது அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தம் முன் இருந்த தலைகளை எண்ணினார்; வராதவர் தலையை அவர் எப்படி எண்ணுவார்?

நாம் பேசினால் என்ன ஆகிவிடப்போகிறது என்பது நம்மவரின் வழக்கமான சோர்வு வார்த்தை. 2020ஆம் ஆண்டில் கோல லங்காட் வடக்கு ஒதுக்குக் காட்டில் 930 ஹெக்டேரை ஒதுக்கு நிலையிலிருந்து நீக்க யோசனை வந்தபோது, பொதுமக்கள் 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்களை எழுதி அனுப்பினர். அப்படியிருந்தும் அதில் பாதிக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டது என்பது 2021 ஆகஸ்டில் வெளியாயிற்று. மக்கள் ஓயவில்லை, செப்டம்பரில் மாநில அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. கடிதம் எழுதியவர்களுள் பெரும்பாலோர் சாமானியரே. சிலாங்கூரில் ஒதுக்குக் காட்டை நீக்குமுன் பொதுமக்களைக் கேட்கவேண்டும் என்று சட்டம் இருந்ததால் அவர்களுக்குப் பேச இடம் கிடைத்தது. காட்டின் பெயரை மாற்றாமல், உள்ளே மட்டும் கீறிக்கொண்டு போவதற்கும் அத்தகைய கேள்விமுறை வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

அன்பர்களே, நம் முன்னோர் இந்நாட்டுக் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள், சடக்குப் போட்டார்கள், இரயில் பாதை போட்டார்கள். வழி திறக்கும் வேலையில் நம்மைப் போல் இரத்தஞ் சிந்தியவர் வேறெவர்? ஆனால் எந்த வழியை எங்கே திறப்பது என்று தீர்மானித்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருந்ததில்லை. இன்று அம்மேசைக்குக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகத்தான் ஆளில்லை. உங்கள் வட்டாரத்தில் காட்டுத்தடம் பற்றிக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், சோம்பலை விட்டுப் போங்கள். தெரிந்த மலாய் மொழியில் இரண்டு வார்த்தை பேசுங்கள். பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். ஜீப்பு வைத்திருக்கும் உங்கள் பிள்ளையையும் அழைத்துப் போங்கள், அவனும் பேசட்டும். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த மலையிலிருந்து இறங்குகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள்.